ஒரு பட்டனுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். நேற்றோடு ஆஸ்பத்திரி அலைச்சல் முடிந்தது. என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்கிறார், பேசுகிறார். அது போதும்.

ராத்திரி துணைக்கு இருந்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பணத்தைக் கையில் திணித்தவர்கள், சின்னவளைத் தூங்க வைத்தவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. பெயர் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஒருவரை மட்டும் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி, இது உனக்கு. நீயே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாய், ஒன்பது வயதாகிவிட்டதே.

தினமும் சாயங்காலம் பெரியவளுக்கு அன்றைய பாடத்தைக் கொண்டுவந்து கொடுத்தாய். பதினோராம் நாள் நோட்டோடு ஒரு சட்டையும் இருந்தது. "அத்தை, இதுக்குப் பட்டன் தைச்சுத் தருவீங்களா? அம்மா உங்ககிட்டதான் கேக்கச் சொன்னாங்க" என்றாய். மூடியிருந்த கையைத் திறந்தாய். உள்ளே ஒரு வெள்ளைப் பட்டன், வியர்வையில் ஒட்டிக்கொண்டு.

உண்மையைச் சொல்கிறேன், எரிச்சல்தான் வந்தது. இந்த நேரத்திலா? சரி, குழந்தை கேட்கிறானே என்று உட்கார்ந்தேன். கை நடுங்கியதால் ஊசியில் நூல் நுழையவில்லை. நீயே வாங்கிக் கோத்துக் கொடுத்தாய். நான் தைக்கத் தைக்க எண்ணிக்கொண்டிருந்தாய். பத்தாவது குத்தில் "போதும் அத்தை, இனி பிய்யாது" என்றாய். பதினோரு நாளில் என்னைப் பரிதாபமாகப் பார்க்காமல் ஒருவர் என்னிடம் வேலை சொன்னது அன்றைக்குத்தான்.

உன் அம்மா என்னைவிட நன்றாகத் தைப்பார் என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டேன். "வாங்கிக்கிட்டே இருந்தா கை கூசும்ல, அதான். இவனுக்கும் அது தெரியணும்" என்றார். உங்கள் வீட்டில் உதவி செய்யப் போகும்போது, அந்த வீட்டில் நாம் கேட்டு வாங்கிக்கொள்ள என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வருவீர்களாம்.

நன்றிக்கடன் தீர்க்கிறேன் என்று ரிமோட் கார் ஒன்று வாங்கி வந்தேன். உன் அம்மா மறுத்துவிட்டார். முகம் வாடித்தான் போனேன். வீட்டுக்கு வந்தபிறகு, எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. பெரியவர்கள் எதையாவது தவறவிட்டுவிட்டு எட்டாமல் தவித்தால், பதினெட்டு மாதக் குழந்தைகளே யாரும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பதை வார்னெக்கன், டோமசெல்லோ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். 2008-இல் இன்னொன்றையும் பார்த்தார்கள்: இருபது மாதக் குழந்தைகளில், உதவியதற்குப் பொம்மை வாங்கிய குழந்தைகள், பிறகு பொம்மை தராதபோது உதவுவது குறைந்தது. வெறுமனே பாராட்டு வாங்கிய குழந்தைகளும், எதுவுமே வாங்காத குழந்தைகளும் அப்படிக் குறையவில்லை. இத்தனை நாளும் வீட்டு வேலைக்கு ஸ்டிக்கர் ஒட்டிப் பெண்ணைப் பழக்கியவள் நான். அந்த அட்டையை அன்றே கழற்றிவிட்டேன். கார் அலமாரி மேல் இருக்கிறது தம்பி, வந்து விளையாடு, ஆனால் அது பரிசு இல்லை.

அடுத்த வாரம் மாடி வீட்டுத் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன். தினமும் சாயங்காலம் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது பெரியவளின் பொறுப்பு, சொட்டு மருந்து நேரம் பார்ப்பது என்னுடையது, கதவு தட்டுவது சின்னவளுடையது. இனி எங்கள் வீட்டில் யாருக்கு உதவப் போனாலும் பிள்ளைகளும் கூட வருவார்கள்.

"தாத்தாகிட்ட நாம என்ன கேக்கலாம்?" என்றாள் பெரியவள், நேற்று ராத்திரி. நான் யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "செஸ் சொல்லித் தரச் சொல்றேன். காய் எல்லாம் அவருக்குத் தொட்டாலே தெரியும்."