டீடெயிலில் இருந்த குறிப்பு பிரிண்டில் காணாமல் போனது குறித்த புகார்

அனுப்புநர்: கோயம்புத்தூரில் கட்டட வரைபட ஆபீஸ் நடத்தும் உங்கள் சந்தாதாரர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: வெளியிலிருந்து கொண்டுவந்த டீடெயில்களை வியூ எல்லை சொல்லாமல் மறைப்பது, ஏற்கனவே மூடப்பட்ட டிக்கெட்டை (உதவி கேட்டு உங்களிடம் போட்ட பதிவை) திரும்பத் திறக்கக் கோருவது

ஐயா / அம்மா,

வணக்கம். பதினோரு வருடமாக வரைபட வேலை செய்கிறேன். கடைசி நான்கு வருடமாக உங்கள் மென்பொருளில்தான் எல்லாம். எங்கள் ஆபீஸில் என்னையும் சேர்த்து மூன்று பேர், இரண்டு லைசென்ஸ். சந்தாவை ஒரு முறைகூடத் தாமதித்ததில்லை. இதுவரை நான் போட்ட டிக்கெட்டுகள் எல்லாம் ‘இதை எப்படிச் செய்வது’ என்று கேட்டவைதான். புகார் என்று உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் துடியலூர் பக்கம் ஒரு வீட்டு வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். மேல் தளத்தில் ஒன்பது ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் சுவரிலிருந்து 600 மி.மீ. வெளியே நீளும் சன்ஷேட். அதற்கான டீடெயிலை, அதாவது அந்தப் பகுதியை மட்டும் பெரிதாகக் காட்டும் வரைபடத்தை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் டிடபிள்யூஜி என்ற கணினி வரைபட ஃபைலாக அனுப்பினார். அதை இம்போர்ட் செய்து, ஒரு தனி வியூவில் (வரைபடத்தைக் காட்டும் சட்டத்தில்) வைத்து, எதுவரை தெரிய வேண்டும் என்று சுற்றி எல்லை போட்டு, 1:10 ஸ்கேலில் ஷீட்டில் (பிரிண்ட் எடுக்கும் தாளில்) சேர்த்தேன்.

இன்ஜினியர் மேஸ்திரிக்காகக் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவர். நல்ல பழக்கம். ஆனால் அவர் இன்னமும் பாமினி எழுத்துருவில் எழுதுகிறார். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. யுனிகோட் எழுத்துருவுக்கு மாறியதும் ‘கம்பி’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. அது உங்கள் தவறு இல்லை. பழைய எழுத்துருக்களோடு நாங்கள் எல்லோரும் படும் பாடு அது. குறிப்புகளைத் திரும்ப அடிப்பதற்காக டீடெயிலை எக்ஸ்ப்ளோட் செய்தேன், அதாவது ஒரே துண்டாக வந்ததைத் தனித்தனிக் கோடுகளாகவும் எழுத்துகளாகவும் பிரித்தேன். ‘மெயின் கம்பி 8 மி.மீ., 150 மி.மீ. இடைவெளி, மேல் பக்கம் மட்டும்’ என்று யுனிகோடில் அடித்தேன். ஷீட்டை மெயிலில் அனுப்பியபோது எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, சைட்டுக்கு ஏ2 தாளில் வேண்டும் என்று கேட்டார்கள். இடம் போதாததால் அந்த வியூவின் ஸ்கேலை 1:20 ஆக மாற்றினேன். நான் தொட்டது அந்த ஒரு எண்ணை மட்டும்தான். பிளாட்டரில் பிரிண்ட் எடுத்து அனுப்பிவிட்டோம்.

அந்தப் பிரிண்டில் குறிப்பு இல்லை.

காரணத்தை நானே உட்கார்ந்து கண்டுபிடித்தேன். எக்ஸ்ப்ளோட் செய்யும்வரை டீடெயிலில் இருக்கும் எழுத்து, கோடுகளோடு சேர்ந்து சுருங்கும், விரியும். எக்ஸ்ப்ளோட் செய்ததும் அது உங்கள் மென்பொருளின் சொந்த எழுத்தாகிவிடுகிறது. அப்புறம் அது தாளின் அளவைத்தான் பின்பற்றும். தாளில் அந்தக் குறிப்பின் நீளம் 62 மி.மீ. 1:10-இல் அது வரைபடத்தில் 620 மி.மீ. இடத்தை எடுத்துக்கொண்டது. 1:20-க்குப் போனதும் அதே குறிப்பு 1240 மி.மீ. எடுத்துக்கொண்டது. குறிப்பு தொடங்கும் இடத்திலிருந்து 900 மி.மீ. தூரத்தில் வியூவின் எல்லை இருந்தது. குறிப்பு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. கோடாக இருந்தால் எல்லையில் வெட்டி மீதியைக் காட்டுவீர்கள். எழுத்து என்றால், கொஞ்சம் தொட்டாலும் முழுக் குறிப்பையும் மறைத்துவிடுகிறீர்கள். பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்திருந்தால்கூட ‘இதென்ன’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். முழுசாகப் போனதால் அங்கே ஏதோ இருந்தது என்பதற்கே அடையாளம் இல்லை.

வரைபடத்தில் கம்பிக் கோடு மேல் பக்கம்தானே இருக்கிறது, அதைப் பார்த்துக் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சன்ஷேட்டின் கனம் சுவர் ஓரத்தில் 75 மி.மீ. 1:20-இல் அது தாளில் 4 மி.மீ.கூட இல்லை. அந்த 4 மி.மீ.க்குள் கம்பி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை வெயிலில் நின்று, சிமெண்ட் கையோடு தாளைப் பிடித்துப் பார்க்கிறவர் சொல்ல முடியாது. அதற்காகத்தான் குறிப்பு எழுதுவது. கம்பி கட்டுகிறவர் வழக்கமான ஸ்லாப் மாதிரி கவர் பிளாக்கை (கம்பியைச் சற்றுத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையை) அடியில் வைத்து, அதன் மேல் கம்பியைப் பரப்பிக் கட்டிவிட்டார். ஒன்பது ஜன்னலுக்கும் அப்படித்தான்.

சன்ஷேட்டை ஒரு பக்கம் மட்டும்தான் பிடித்திருக்கிறது, மறுபக்கம் சும்மா தொங்குகிறது. அதனால் இழுவிசை மேல் பக்கம் வரும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்க வேண்டிய கம்பி கீழே கிடந்தால், சென்ட்ரிங்கை (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையை) பிரிக்கும் அன்றே சன்ஷேட் விழலாம். விழாமல் நின்றுவிட்டால் இன்னும் மோசம். பெயின்டர் சன்ஷேட்டில் ஏறி நின்றுதான் ஜன்னல் சுவரைப் பூசுவார்.

கான்கிரீட் போடும் காலையில் இன்ஜினியர் வந்து பார்த்து நிறுத்தினார். அவர் அரை மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் மிக்சர் ஓட ஆரம்பித்திருக்கும். அன்றைக்கு வந்திருந்த ஆட்களுக்குக் கூலி கொடுத்து அனுப்பினோம். கம்பியைப் பிரித்துத் திரும்பக் கட்டின செலவையும் எங்கள் ஆபீஸ்தான் ஏற்றது. வீட்டுக்காரர் ஒன்றும் கோபமாகப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் அனுப்பும் ஒவ்வொரு ஷீட்டையும் இன்ஜினியருக்கு அனுப்பிச் சரிதானா என்று கேட்ட பிறகே சைட்டுக்குக் கொடுக்கிறார்.

பிரிண்ட்டைத் திரும்ப ஒரு முறை பார்க்காதது என் தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான். தாளில் இருப்பதைச் சரிபார்க்கலாம், இல்லாமல் போனதை எதை வைத்துச் சரிபார்ப்பது? சைட்டில் வரைபடம்தான் உத்தரவு. அதில் எழுதாததை மேஸ்திரி தேவையில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இதை எழுதி டிக்கெட் போட்டேன். மூன்றாம் நாள், மென்பொருள் வடிவமைக்கப்பட்ட விதத்தில்தான் வேலை செய்கிறது என்று பதில் போட்டு டிக்கெட்டை மூடிவிட்டீர்கள். எல்லையைப் பெரிதாக இழுத்து வைத்துக்கொள்ளும்படி ஓர் ஆலோசனையும் இருந்தது. ஒரு வீட்டுக்கு நாற்பது டீடெயில் வரும். ஸ்கேல் மாறும் ஒவ்வொரு முறையும் நாற்பது எல்லையையும் கையால் இழுத்துப் பார்ப்பதா? நான் கேட்டது வேறு. மறைக்கும்போது மறைத்தேன் என்று ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் இல்லை.

இந்த மௌனம் இந்த ஓர் இடத்தில் மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். இதே வீட்டின் பாத்ரூம் சங்கன் ஸ்லாப் (மற்ற தளத்தைவிடத் தாழ்வாகப் போடும் ஸ்லாப்) டீடெயிலை எக்ஸ்ப்ளோட் செய்யாமல் லிங்க்காக வைத்திருந்தேன், இன்ஜினியர் திருத்தினால் தானாக வரட்டும் என்று. அவர் வலது பக்கம் ஒரு பீமைச் சேர்த்து அனுப்பினார். லிங்க்கைப் புதுப்பித்தேன், புதுப்பித்தாயிற்று என்று மென்பொருளும் சொன்னது. வியூவின் எல்லை மட்டும் பழைய அளவிலேயே நின்றது. புதிதாக வந்த பீம் முழுவதும் அதற்கு வெளியே. அவர் ஃபோனில் பீமைப் பற்றிப் பேசியதால் மட்டும் தப்பித்தேன்.

அளவு விஷயமும் உண்டு. டிடபிள்யூஜி ஃபைலில் எந்த அலகு என்று குறிக்காமல் விட்டிருந்தால் உங்கள் மென்பொருள் கேட்பதில்லை, தானே அங்குலம் என்று எடுத்துக்கொள்கிறது. மில்லிமீட்டரில் வரைந்த டீடெயில் 25.4 மடங்கு பெரிதாகி வரும். 230 மி.மீ. சுவர் 5842 மி.மீ. ஆக நிற்கும். இது கண்ணுக்குத் தெரிகிற தவறு என்பதால் ஆபத்து இல்லை, நேரம்தான் போகும்.

இன்னொன்று கொஞ்சம் சிக்கலானது. சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் எடுத்த சைட் வரைபடம் யுடிஎம் ஆயத்தொலைவில் இருக்கும், அதாவது வடக்கு அளவு நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணப்படும். பல இன்ஜினியர்கள் அதே ஃபைலில், அதன் பக்கத்திலேயே டீடெயிலையும் வரைந்துவிடுகிறார்கள். கோவை நிலநடுக்கோட்டிலிருந்து 1,200 கி.மீ.க்கும் மேல் வடக்கே இருக்கிறது. மில்லிமீட்டரில் சொன்னால் 120 கோடிக்கு மேல். கணினி 32 பிட் இடத்தில் வைக்கும் தசம எண்ணில் அந்த அளவு மதிப்பை வைத்தால், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 128 மி.மீ. இடைவெளி விழும். 8 மி.மீ. கம்பி அதில் எங்கே நிற்கும்? அப்படிப்பட்ட டீடெயிலை உள்ளே கொண்டுவரும்போது கோடு நடுங்குகிறது, கம்பியின் வட்டம் முக்கோணமாகத் தெரிகிறது. மூலப்புள்ளிக்கு (ஆயத்தொலைவு பூஜ்யமாக இருக்கும் இடத்துக்கு) பக்கத்தில் யாராவது தெரியாமல் விட்ட ஒரு சின்னக் கோடு இருந்துவிட்டால் போதும், வியூ எல்லை அங்கிருந்து இங்குவரை 1,200 கி.மீ. நீளத்துக்கு விரிந்து, டீடெயில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. ஒவ்வொரு ஃபைலையும் முதலில் தனியாகத் திறந்து, டீடெயிலை மூலப்புள்ளிக்கு நகர்த்தி, மீதியை அழித்துவிட்டுத்தான் இப்போது கொண்டுவருகிறேன். இப்படித் தூரத்தில் இருக்கிறது என்று இம்போர்ட் செய்யும்போதே மென்பொருள் ஒரு வரி சொன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அரை நாள் திண்டாட வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. ஸ்கேலை மாற்றும்போதும், லிங்க்கைப் புதுப்பிக்கும்போதும், பிரிண்ட் கொடுக்கும்போதும், எல்லையால் ஏதாவது மறைந்தால் எந்த ஷீட்டில், எந்த வியூவில், எந்தக் குறிப்பு என்று காட்டுங்கள். எழுத்தை முழுசாக மறைப்பதா, எல்லையில் வெட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை எங்களுக்குக் கொடுங்கள். அலகு இல்லாத ஃபைல் வந்தால் என்ன அலகு என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவ்வளவுதான்.

நஷ்ட ஈடு கேட்டு நான் எழுதவில்லை. மூடிய டிக்கெட்டைத் திறந்து, மென்பொருளை எழுதுகிறவர்கள் பார்க்கும்படி அனுப்ப வேண்டும். எப்போது திருத்துவீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும். எங்கள் இரண்டு லைசென்ஸின் சந்தாவும் இன்னும் ஏழு வாரத்தில் புதுப்பிக்க வேண்டியது. பதிலைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று ஆபீஸில் மற்ற இருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

முழு ப்ராஜெக்ட் ஃபைல் பெரியது என்பதால், சன்ஷேட் டீடெயில் மட்டும் உள்ள சிறிய ஃபைலையும், இரண்டு பிரிண்ட்டின் பிடிஎஃப்பையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஃபைலைத் திறந்து, ஸ்கேலை 1:10-இலிருந்து 1:20-க்கு மாற்றி, சன்ஷேட்டின் மேல் பக்கத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்