பித்தப்பைக் கல்லை மட்டும் எடுத்தால் போதாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பித்தப்பையில் கல் இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்ததும் நோயாளியும் குடும்பத்தாரும் கேட்கும் முதல் கேள்வி, "கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை அப்படியே விட்டுவிடக் கூடாதா?" என்பதுதான். அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இது முற்றிலும் நியாயமான கேள்வியாகவே எப்போதும் பட்டிருக்கிறது. இதற்கு நிதானமான பதில் கிடைக்காததால்தான் சிலர் அவசியமில்லாத அறுவை சிகிச்சைக்குப் பயந்துபோய் ஒப்புக்கொள்கிறார்கள். வேறு சிலரோ அவசியமான சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் ஒத்திவைத்து, கடைசியில் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரப்படுகிறார்கள்.

பித்தநீரைச் சுரப்பது பித்தப்பை என்று பலர் எண்ணுகிறார்கள். சுரப்பது கல்லீரல்; நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் சுரக்கிறது. ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளக்கூடிய பித்தப்பை அதில் ஒரு பகுதியைத் தேக்கி, நீரை உறிஞ்சி அடர்த்தியாக்கி, கொழுப்புள்ள உணவு சிறுகுடலை அடையும்போது சுருங்கி வெளியேற்றுகிறது. பித்தநீரில் கொலஸ்ட்ரால் கரையும் அளவை மீறும்போதும், பை முழுமையாகச் சுருங்காமல் நீர் தேங்கி நிற்கும்போதும் படிகங்கள் உருவாகி, நாளடைவில் கற்களாகின்றன. கல்லை மட்டும் அகற்றினால் அதை உருவாக்கிய பையும் அதே பித்தநீரும் உள்ளேயே இருக்கும். மறுபடியும் கல் சேர வாய்ப்பு மிக அதிகம். பையைத் திறந்து கல்லை மட்டும் எடுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் வழக்கத்தில் இருந்ததுதான். அதன் குறையை உணர்ந்தே 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற மருத்துவர் பித்தப்பையையே அகற்றும் அறுவை சிகிச்சையை முதன்முதலில் செய்தார்.

கல்லைக் கரைக்கும் மாத்திரை உண்டா என்றால், உண்டு. ஆனால் கால்சியம் படியாத சிறிய கொலஸ்ட்ரால் கற்களுக்கே அது பயன்படும். மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுத்திய பின் பலருக்குக் கல் திரும்பவும் வருகிறது. நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல்லைப் போல இதுவும் வெளியேறிவிடும் என்ற நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை. பித்தப்பை சிறுநீர்ப் பாதையில் இல்லை. அங்கிருந்து கல் நகர்ந்தால் அது போய்ச் சேரும் இடம் பித்தநாளம், அதாவது பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய். அதுதான் உண்மையான ஆபத்து.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் கற்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. வலியோ வேறு அறிகுறியோ இல்லாதவருக்குப் பொதுவாக அறுவை சிகிச்சை தேவைப்படாது. பித்தப்பையில் பத்து மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பாலிப் (உட்சுவரில் வளரும் சிறு சதைத் திரட்சி) இருப்பது போன்ற சில நிலைகள் மட்டுமே விதிவிலக்கு.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வலி. வலது விலா எலும்புக்குக் கீழோ மேல்வயிற்றின் நடுவிலோ தொடங்கி, முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவி, அரை மணி முதல் சில மணி நேரம் வரை விடாமல் அழுத்தும் அந்த வலியை வாயுத் தொல்லை என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களைப் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அப்படி வந்த வலி மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். வலி ஆறு மணி நேரத்தைக் கடந்து காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை அழற்சியாக இருக்கலாம். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தால் பித்தநாளத்தில் அடைப்பு ஏற்பட்டிருக்கக்கூடும். பெரிய கல்லைக் கண்டு பயப்படுபவர்கள் சிறிய கல்லை அலட்சியம் செய்கிறார்கள். நாளத்துக்குள் எளிதில் நழுவிச் சென்று கணைய அழற்சியைத் தூண்டுவது பெரும்பாலும் சிறிய கற்களே. கணைய அழற்சி உயிரையே பறிக்கக்கூடியது.

1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற மருத்துவர் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை அறுவை சிகிச்சை) வழியே பித்தப்பையை அகற்றிய பிறகு இந்தச் சிகிச்சை முற்றிலும் மாறிவிட்டது. வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பி, சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, பையின் குழாயையும் ரத்தக் குழாயையும் கிளிப் போட்டுத் துண்டித்துப் பையை வெளியே எடுக்கிறார்கள். பலர் மறுநாளே வீடு திரும்புகிறார்கள். அழற்சியால் உறுப்புகள் ஒட்டிக்கொண்டு, எது எந்தக் குழாய் என்று தெளிவாகத் தெரியாதபோது, மருத்துவர் வயிற்றைத் திறந்து செய்ய முடிவெடுப்பதைத் தோல்வியாகக் கருதவே கூடாது. முதன்மைப் பித்தநாளம் காயப்படாமல் காக்கும் பொறுப்பான முடிவு அது. அந்தக் காயம் அரிதானது என்றாலும் விளைவுகள் கடுமையானவை. ஆகவே, வீடு திரும்பிய பின் வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ தோன்றினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

பை போன பின் செரிமானமே கெட்டுவிடும் என்ற அச்சம் தேவையில்லை. பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரடியாகக் குடலுக்கு வரும். சிலருக்குச் சில காலம் மலம் இளகிப் போகலாம். பெரும்பாலோர் சில வாரங்களில் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒரே மூச்சில் குடித்தால் கற்கள் வெளியேறும் என்று பரவும் செய்தியையும் குறிப்பிட வேண்டும். மறுநாள் மலத்தில் தென்படும் மெழுகு போன்ற பச்சை உருண்டைகள், குடித்த எண்ணெய் குடலில் சோப்பாக மாறித் திரண்டவையே. அவற்றைக் கண்டு குணமாகிவிட்டதாக நம்பி வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பவருக்கு, அடுத்த ஸ்கேனில் அதே கற்கள் அதே இடத்தில் தெரிகின்றன. அறுவை சிகிச்சையின்றிப் பித்தப்பைக் கல்லை முற்றிலும் கரைப்பதாக உறுதி கூறும் விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் ஏற்கும் முன் மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்