பாளையங்கோட்டைக்கு எங்கள் நன்றி; முதலில் பைண்டிங் கடை அக்காவுக்கு

அன்புள்ள பாளையங்கோட்டை, திருநெல்வேலி மக்களுக்கு,

வணக்கம். கொக்கிரகுளத்தில் கதை வாசிப்பு, நாடகம் என்று நடக்கும் சனிக்கிழமை மாலைக் கூட்டத்தின் சார்பாக இதை எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளத்தில் நடந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. நீங்களும் அதே தண்ணீரில் நின்றவர்கள்தான். தாமிரபரணி எதுவரை ஏறியது என்பதை ஒவ்வொரு வீட்டுச் சுவரும் இன்னும் கோடு போட்டுக் காட்டுகிறது. எங்கள் அறைச் சுவரிலும் அந்தக் கோடு இருக்கிறது. தண்ணீர் வடிந்தபின் எங்களுக்கு யார் யார் வந்து நின்றார்கள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மனம் ஆறாது.

அறைக் கதவைத் திறந்தபோது எங்கள் கூட்டத்தின் புத்தகங்களில் பாதிக்கு மேற்பட்டவை சேற்றில் ஊறிக் கிடந்தன. வெளியே நல்ல வெயில். எல்லாவற்றையும் மொட்டைமாடியில் விரித்துவிடலாம் என்று மாணவர்கள் அள்ளத் தொடங்கிவிட்டார்கள். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "திறக்காதீர்கள். ஒரு புத்தகத்தையும் திறக்காதீர்கள். வெயிலுக்கும் கொண்டுபோகாதீர்கள்."

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கும் அக்கா அவர். இந்த ஊரில் படித்தவர்கள் பலர், ப்ராஜெக்ட் புத்தகத்தைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவு அவர் கடை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். தன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

அவரை நாங்கள் யாரும் அழைக்கவில்லை. எங்கள் மாணவி ஒருத்தி அவர் கடைக்குப் போய், ஈரம் துடைக்கக் கழிவுத்தாள் இருக்குமா என்று கேட்டிருக்கிறாள். அக்கா காரணத்தைக் கேட்டார். ஷட்டரை இழுத்துப் பூட்டினார். அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் ஏறி வந்துவிட்டார்.

வந்ததும் முதலில் அண்டா நிறைய நல்ல தண்ணீர் கேட்டார். தண்ணீரில் கெட்டதைத் தண்ணீரிலேயே போடுவதா என்று நாங்கள் விழித்தோம். ஒரு புத்தகத்தை மூடியபடியே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மெல்ல முக்கி எடுத்தார். ஓரங்களில் அப்பியிருந்த சேறு கரைந்து போனது. "சேற்றோடு காய்ந்தால் கல்லாகிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது" என்றார். பிறகு எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். பச்சைப் பிள்ளையின் தலையைத் தாங்குகிற மாதிரி முதுகுப் பக்கத்தைத் தாங்க வேண்டும். ஈரத் தாளுக்குத் தன்னைத் தாங்கும் வலு கிடையாது.

எதை முதலில் காப்பாற்றுவது என்பதையும் அவர்தான் முடிவு செய்தார். நாங்கள் கனமான பழைய அகராதிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் அவற்றை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுக் குழந்தைகளின் படக்கதைப் புத்தகங்களைக் கேட்டார். பளபளப்பான ஆர்ட் பேப்பர் காயக் காய ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் தாள் செருகிப் பிரித்துவிட வேண்டும், சாதாரணத் தாள் கொஞ்சம் பொறுக்கும் என்றார். அச்சிட்ட செய்தித்தாளைச் செருகப் போனவனைத் தடுத்தார். அதன் மை ஈரத்தில் ஏறிவிடுமாம். வெள்ளைத்தாள்தான் வேண்டும். அதையும் பதினைந்து இருபது தாளுக்கு ஒன்றாகத்தான் செருக வேண்டும், அதிகமானால் முதுகு உப்பித் தையல் விட்டுப்போகும். செருகிய தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும், மறுபடியும் மாற்ற வேண்டும். இரண்டு நாளைத் தாண்டினால் பூஞ்சை வந்துவிடும் என்பதால் அன்று இரவு அவர் வீட்டுக்குப் போகவில்லை. கடையையும் திறக்கவில்லை.

எங்களிடம் இருந்தவற்றில் வேறு எங்கும் கிடைக்காதது மாணவர்களின் பறவைக் குறிப்பேடுகள். 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கு எங்கள் பிள்ளைகள் சிலர் ஜனவரிதோறும் போய்வருவார்கள். எந்தக் குளத்தில் எந்தப் பறவை, எத்தனை என்று அவர்கள் கையால் எழுதிய நோட்டுகள் அவை. அவற்றைப் பார்த்ததும் எழுதிய பெண் அழுதேவிட்டாள். அக்கா ஒரு பக்கத்தின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். "பென்சிலால்தானே எழுதியிருக்கிறாய்? பென்சில் தண்ணீரில் போகாது, பேனா மைதான் கரையும். போய் முகத்தைக் கழுவிவிட்டு வா" என்றார். அப்படியே ஆயிற்று. அட்டை போய்விட்டது, உள்ளே இருந்த வரிகள் தப்பின. முக்குளிப்பானும் நத்தைகுத்தி நாரையும் பத்திரமாக இருக்கின்றன.

ஆனால் நான் சொல்ல வந்தது புத்தகங்களைப் பற்றி மட்டுமல்ல. சுற்றிலும் வீட்டையே இழந்தவர்கள் இருக்கும்போது புத்தகத்துக்கு இவ்வளவு பாடா என்ற உறுத்தல் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அக்கா அதைப் பேசவே இல்லை. மறுநாள் காலையில் எங்கள் மேசையைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டார். தெருவில் சொல்லியனுப்பினார். நனைந்த பத்திரம், மதிப்பெண் பட்டியல், ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, எது இருந்தாலும் கொண்டுவரலாம் என்று. வந்தார்கள். பிளாஸ்டிக் பையில் கூழாகிக் கிடந்ததைத் தயங்கித் தயங்கி நீட்டினார்கள். ஒரு பாட்டி தன் வீட்டுப் பத்திரத்தை மடித்தது மடித்தபடி சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். அக்கா அதை ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளின்மேல் வைத்து, மடிப்பு மடிப்பாக, இடையிடையே நீர் தெளித்து, விரல் நுனியால் நீவி நீவிப் பிரித்தார். முத்திரையும் கையெழுத்தும் தெரிந்ததும் பாட்டியிடம் காட்டினார். பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் முத்திரையை அடையாளம் தெரிந்தது. அக்காவின் கன்னத்தைத் தொட்டு விரல்களை நெற்றியில் சொடுக்கினார்.

யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. "ஈரம் முழுக்கக் காயாமல் லேமினேஷன் செய்துவிடாதீர்கள், உள்ளேயே பூஞ்சை பிடிக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியனுப்பினார். லேமினேஷன் செய்வதுதான் அவர் தொழில் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் நன்றி சுருக்கமாக இருக்கிறது என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். பந்தல்காரர் தன் கிடங்கிலிருந்த பெரிய மின்விசிறிகளை அனுப்பினார். மார்கழியில் கல்யாணம் கிடையாது, சும்மாதான் கிடக்கின்றன என்றார். மின்சாரம் வந்த பிறகு அவை இரவும் பகலும் ஓடின. அச்சகக்காரர் ரீல் முடிவில் மிஞ்சிய வெள்ளைத்தாளை ஆட்டோவில் ஏற்றியனுப்பினார், அந்த ஆட்டோக்காரர் வாடகை வாங்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் விடுதியிலிருந்து வந்து சேறு அள்ளிய மாணவர்கள், தங்கள் மாடி அறையை விட்டுக்கொடுத்த பக்கத்து வீட்டார், தசராவுக்குச் சப்பரம் தூக்கும் இளைஞர்கள், வேளாவேளைக்குத் தேநீர் அனுப்பிய கடைக்காரர், சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் புத்தகம் அனுப்புகிறோம் என்று எழுதிய பழைய மாணவர்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் கைகூப்பு.

அக்காவிடம் ஒருநாள் மாலை, எங்கள் கூட்டத்துக்கு ஒருமுறையாவது வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வந்ததில்லை என்றார். சனிக்கிழமை மாலையில்தான் அவர் கடையில் கூட்டம் அதிகம், இரவு ஒன்பது மணிக்குத்தான் அடைப்பார். "வில்லுப்பாட்டு நடந்த அன்று சத்தம் கேட்குமா என்று பார்த்தேன், அவ்வளவு தூரம் கேட்கவில்லை" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் காதில் ஒலிக்கிறது.

இது கல்லூரிகளின் ஊர். தூய யோவான் கல்லூரி 1878இலும், பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தொடங்கின. அன்றிலிருந்து இங்கே படிக்க வருகிற பிள்ளைகள் மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாங்கள் நடத்தும் கதை வாசிப்பு, நாடகம், வினாடிவினா, பழைய கோட்டையின் தடம் தேடும் நடை எல்லாம் அவர்கள் நேரத்தையும் தேர்வு அட்டவணையையும் பார்த்துத்தான் அமைகின்றன. அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பவர்கள், ஆட்டோவில் ஏற்றிவருபவர்கள், ப்ராஜெக்ட் புத்தகத்தைத் தைத்துக் கொடுப்பவர்கள் எங்கும் போவதில்லை. ஊரின் நினைவு அவர்களிடம்தான் இருக்கிறது. எந்த ஆண்டு எந்தத் துறையில் யார் என்ன ஆராய்ச்சி செய்தார் என்று அக்கா அட்டை நிறத்தை வைத்தே சொல்கிறார். அவர்கள் மாலையில் வேலையில் இருப்பார்கள். நம் கூட்டமும் மாலையில்தான்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமிருந்து எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆற்றுப்பாலத்தைக் கடந்துதான் வருகிறார்கள். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோசன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டிய பாலம் அது. 1843இல் திறக்கப்பட்டது. 180 ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே நடக்கிறது. இந்த ஊருக்கு நன்றி மறக்கத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான், பெயர் சொல்லாமலும் அக்காவைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

இனி இரண்டு காரியம் உறுதியாகச் செய்வோம். தரைத்தளத்தில் ஒரு புத்தகமும் இருக்காது, மாடி அறைக்கு வாடகை பேசியாயிற்று. இரண்டாவது, மாதத்தில் ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நடக்கும், கடைகள் திறப்பதற்கு முன்பாக முடிந்துவிடும். விடுதிச் சமையலறையில் வேலை செய்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் எந்த நேரம் வசதி என்று சொன்னால், அதையும் மாற்றிக்கொள்வோம். சனிக்கிழமைக் கூட்டம் வழக்கம்போல் நடக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பொங்கல் கழிந்து 2024 ஜனவரி 21 அன்று. அக்காதான் நடத்துகிறார். அட்டை பிரிந்த புத்தகத்தை ஊசி நூலால் தைப்பது, மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது, முதுகுக்குக் காலிகோ துணி ஒட்டுவது ஆகியவற்றைச் சொல்லித்தருவார். பசையைப் பிள்ளைகள் தொட வேண்டாம், மயில்துத்தம் விஷம் என்பதால் அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஊசி, நூல், துணி எங்களிடம் இருக்கின்றன. உங்கள் வீட்டில் நனைந்து காய்ந்த புத்தகம் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்களே பிரிக்க முயலாமல் அப்படியே கொண்டுவாருங்கள் என்று அக்கா சொல்லச் சொன்னார்.

நன்றியுடன்,
சனிக்கிழமைக் கூட்டத்தார் அனைவரின் சார்பாகவும்