பீச் பழம் வேண்டாம், மல்லாட்டையில் தொடங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர் பக்கங்களில் அமெரிக்க மாநிலம் ஒன்றை அறிமுகம் செய்தால் கொடி, பறவை, பூ என்று பட்டியல் போடுவதே வழக்கமாகிவிட்டது. ஜார்ஜியா என்றால் கூடவே ஒரு பீச் பழப் படம். ‘பீச் மாநிலம்’ என்ற பெயரை வாங்கி வைத்திருப்பது ஜார்ஜியா, அதிகம் விளைவிப்பதோ கலிபோர்னியா. நம் பிள்ளைகளில் பலர் பீச்சைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை. ஆனால் அமெரிக்க மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், ஏறக்குறைய பாதி ஜார்ஜியாவில்தான் விளைகிறது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அதுவே நல்ல வாசல்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். திபிலீசியைத் தலைநகராகக் கொண்ட ஜார்ஜியா தனி நாடு. உலக உருண்டையில் ஃபுளோரிடாவின் வாலைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். வாலுக்கு மேலே இருப்பது நம் ஜார்ஜியா. தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிது, மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பின்படி 1 கோடியே 7 லட்சம்தான். நமக்கு இரவு 8 மணி என்றால் அட்லாண்டாவில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30.

பிறகு கடலை வளர்க்க ஒரு தொட்டி. ஓரடி அகலம் வேண்டும். செம்மண், மணல், மட்கிய எரு மூன்றும் சம அளவு. தோலுரிக்காத பச்சை நிலக்கடலைப் பருப்பு இரண்டை 4 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். வறுத்த கடலை முளைக்காது; இதில்தான் பலர் ஏமாறுவது. ஒரு மாதத்தில் மஞ்சள் பூ வரும். பூ வாடியதும் அடியிலிருந்து ஊசிபோல ஒரு விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்கும், அதன் நுனிதான் காயாகிறது. வேர்க்கடலை என்ற பெயர் பொய் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். மண் இறுகியிருந்தால் விழுது இறங்காமல் காய்ந்துபோகும். ஜார்ஜியாவின் தெற்கு மணற்பாங்கில் கடலையும், வடக்கே போகப்போக இறுகிய செம்மண்ணும் இருப்பதைச் சொல்ல இதுவே இடம்.

அங்கேயும் சாலையோரத்தில் அவித்த கடலை விற்கிறார்கள். ஒரு கிலோ பச்சைக் காய்க்கு 3 லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு, முக்கால் மணி நேரம். வெந்ததும் வடித்துவிடக் கூடாது. அந்த நீரிலேயே ஆறினால்தான் உப்பு உள்ளே ஏறும். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். ஒவ்வாமை உண்டா என்றும் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலைக்கு அங்கே ‘கூபர்’ என்றும் ஒரு பெயர். ஆப்பிரிக்காவின் கொங்கோ மொழியிலிருந்து வந்தது. அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். இதை மறைக்கத் தேவையில்லை. ‘விதைத்தவருக்குக் கூலியும் இல்லை, ஊரைவிட்டுப் போக உரிமையும் இல்லை’ என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும். அட்லாண்டாவில் பிறந்து, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கை அதன்பின் சொல்லலாம். முன்பே சொன்னால் வெறும் பெயராகத்தான் நிற்பார்.

அவர் பிறந்தது 1929 ஜனவரி 15, நமக்குப் பொங்கல் சமயம். பொங்கல் சிறுவர் இணைப்பில் நீங்கள் இதைப் போடுவதானால், பிள்ளைகள் அன்று செடியைப் பிடுங்கிக் காய் பார்க்க, செப்டம்பர் கடைசியில் விதை ஊன்ற வேண்டும். 105 நாளாவது ஆகும். அது மழைக்காலம் என்பதால் தொட்டி வெயில் படும் தாழ்வாரத்தில் இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும்.

— தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் சிலர்,
திண்டிவனம்