எலிங்டனுக்கு 1965ஐக் கொடுத்துவிடுங்கள்

புலிட்சர் பரிசு வாரியத்தினருக்கு,

வணக்கம். உங்கள் இசைப் பரிசுப் பட்டியலில் 1965க்கு நேராக யார் பெயரும் இல்லை. ஆள் கிடைக்காமல் விட்டுப்போன இடம் அல்ல அது. அந்த ஆண்டின் தனிப் படைப்பு எதையும் தேர்ந்தெடுக்காத நடுவர் குழு, அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளரும் வாத்தியக் குழுத் தலைவருமான ட்யூக் எலிங்டனின் நெடுங்காலப் பணிக்குச் சிறப்பு விருது தரச் சொன்னது. வாரியம் மறுத்தது. மூன்று நடுவர்களில் இருவர் விலகிக்கொண்டார்கள். எலிங்டனுக்கு அப்போது 66 வயது. இவ்வளவு சின்ன வயதில் நான் ரொம்பப் புகழடைந்துவிடக் கூடாது என்று விதி கருணை காட்டுகிறது என்று நக்கலடித்துவிட்டு, அவர் வாத்தியக் குழுவோடு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

சிக்கல் எங்கே இருந்தது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பெரிய வடிவத்தில் எழுதி, மேடையில் அரங்கேறிய படைப்பைத்தான் அன்றைய பரிசு தேடியது. எலிங்டனின் வடிவமோ நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம். மூன்று நிமிடம், அவ்வளவுதான். 1940 மார்ச்சில் பதிவான 'கோ-கோ' அதைவிடவும் குறைவு. ஹாரி கார்னியின் பாரிட்டோன் சாக்ஸபோன் அடியில் உறும, ஹுவான் டிஸோலின் ட்ரம்போன் மெட்டைத் தொடங்கும். அப்புறம் ஜோ நான்டன் தன் ட்ரம்போன் வாயை மூடித் திறந்து மனிதக் குரல் போலப் புலம்ப வைப்பார். முடிவை நெருங்கும்போது எல்லாரும் சட்டென்று நிறுத்திக்கொள்ள, ஜிம்மி பிளான்டனின் பாஸ் வாத்தியம் மட்டும் தனியாக நடக்கும். இத்தனையும் ஒரே பக்கத்தில்! இரண்டாம் ட்ரம்போன், மூன்றாம் ட்ரம்போன் என்று அவர் எழுதவில்லை. டிஸோலுக்கு, நான்டனுக்கு என்று ஆள் பார்த்து எழுதினார். கார்னி 1927இல் சேர்ந்து, எலிங்டன் 1974இல் சாகும்வரை கூடவே இருந்தவர்.

பெரிய வடிவம்தான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. தாய் இறந்த 1935இல் அவர் எழுதிய ஒரு படைப்பு இசைத்தட்டின் நான்கு பக்கங்களுக்கு நீண்டது. 1943 ஜனவரியில் கார்னகி ஹாலில் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு படைப்பை அரங்கேற்றினார். அதற்குப் பல விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். சின்னதாக எழுதினால் நடன இசை, பெரிதாக எழுதினால் அத்துமீறல். மனிதர் என்னதான் செய்வார்?

1999இல், அவருடைய நூற்றாண்டில், சிறப்பு விருது கொடுத்தீர்கள். இறந்து 25 ஆண்டு கழித்து என்றாலும் நல்லதுதான். ஆனால் அது நூற்றாண்டு மரியாதை. 1965இன் மறுப்பை அது தொடவில்லை. இதற்கிடையே உங்கள் அளவுகோலும் மாறிவிட்டது. 1997இல் ஜாஸ் படைப்புக்காக விண்டன் மார்சலிஸ் இசைப் பரிசையே வாங்கினார். 2018இல் கென்ட்ரிக் லமாரின் ராப் ஆல்பத்துக்குக் கொடுத்தீர்கள். ஆல்பம் தகுதி பெறும் என்றால், அந்த மூன்று நிமிடத் தட்டுகளும் தகுதியுள்ளவைதானே?

2022இல் அமெரிக்க இசைக்கலைஞர்களும் எழுத்தாளர்களும் இதையேதான் கேட்டார்கள். நானும் அவர்கள் கட்சி. பணமோ விழாவோ வேண்டாம். 1965க்கு நேராக எலிங்டன் பெயரை எழுதுங்கள். நடுவர் குழு பரிந்துரைத்ததையும் வாரியம் நிராகரித்ததையும் அதன் கீழேயே இரண்டு வரியில் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
எலிங்டனின் இசைத்தட்டுகளை விடாமல் கேட்டுவரும் ஒரு தமிழ் ரசிகன்