இன்னும் என்னைப் பிடிக்குமா?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மாடிப்படி ஏறாமல் இருக்கும்வரை என் முழங்கால் சொன்னபடி கேட்கிறது. இந்தப் பக்கத்துச் சேதி அவ்வளவுதான். நேரே உன் பேத்தியிடம் வருகிறேன்.

பாலைக் கொட்டினாள், அம்மா சத்தம் போட்டாள், துடைத்தாள், பத்து நிமிடத்தில் மறந்தும் போனாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அந்த நாலு வயதுக்காரி, "இன்னும் என்னைப் பிடிக்குமா?" என்கிறாள். இது நடிப்பு என்று உன் மகள் சிரித்ததாக எழுதியிருக்கிறாய். நடிப்பு இல்லை, வசந்தி. அவளுக்கு அது உண்மையான சந்தேகம்.

ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி இருக்க முடியுமா என்று 1980களில் சூசன் ஹார்ட்டர் என்ற உளவியலாளர் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார். ஐந்து வயதை ஒட்டிய பிள்ளைகள், முடியவே முடியாது என்றார்கள். முதலில் கோபம், அப்புறம் சந்தோஷம் என்று வரிசையாக வரலாமாம், சேர்ந்து வராதாம். ஒரே ஆள்மேல் ஒரே சமயத்தில் கோபமும் பிரியமும் இருக்கும் என்று விளக்கிச் சொல்லப் பத்து, பதினொரு வயது ஆகிவிடுகிறது. கேள்வியை எளிதாக்கினால் சிலர் முன்பே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் நாலு வயதில், அதுவும் அழுகையின் நடுவில், எதிர்பார்க்காதே. அம்மா முகத்தில் கோபம் தெரிகிறதா, அப்படியானால் பிரியம் அங்கே இல்லை. திரும்பி வந்துவிட்டதா என்றுதான் உன் பேத்தி விசாரிக்கிறாள்.

ஆகவே "கோபம்தான், ஆனாலும் உன்னைப் பிடிக்கும்" என்ற ஒற்றை வாக்கியம் அவளுக்குள் இறங்காது. வரிசையாகச் சொன்னால் இறங்கும். "பால் கொட்டிச்சு. அம்மாவுக்குக் கோபம் வந்தது. இப்போ போயிடுச்சு." மூன்று சின்ன வாக்கியம், நடுவில் மூச்சு விடுகிற இடைவெளி. அதன்பின் வேண்டுமானால், "கோபமா இருந்தப்பவும் உன்னைப் பிடிச்சுத்தான் இருந்தது" என்று சேர்க்கலாம். அது இன்றைக்குப் புரிவதற்காக இல்லை, காதில் விழுந்து கிடக்கட்டும் என்பதற்காக.

எப்போது சொல்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழந்தையின் விசும்பல் நின்று மூச்சு சீராக வேண்டும். பெரியவரின் குரலும் பழைய சுருதிக்கு இறங்கியிருக்க வேண்டும். தாடையை இறுக்கிக்கொண்டு "கோபம் போயிடுச்சு" என்றால் குழந்தை தாடையைத்தான் நம்பும். தரையில் உட்கார்ந்து, கண் மட்டத்துக்கு வந்து, கையை நீட்டினால் போதும். அவளாக வந்து பிடிக்கட்டும். இழுத்து அணைக்க வேண்டாம், முத்தம் கேட்கவும் வேண்டாம். பேசி முடித்ததும் கெட்டுப்போன காரியத்தையே மறுபடி செய்ய வைப்பது நல்லது. சின்ன டம்ளர், அதில் இரண்டு விரல்கடை பால், அவளே ஊற்றட்டும். அம்மா பக்கத்தில் சும்மா இருந்தால் போதும்.

சமாதானத்தைக் கெடுப்பவை மூன்று. ஒன்று, "இனிமே செய்வியா?" என்று கடைசியில் ஒட்டுகிற விசாரணை; அது சண்டையை மறுபடி திறந்துவிடும். இன்னொன்று பொம்மை, மிட்டாய். கோபம் தீர்ந்ததற்கு அடையாளம் சாமான் என்று பாடமாகிவிடும். எல்லாவற்றிலும் மோசமானது, "இப்படிப் பண்ணினா அம்மாவுக்கு உன்னைப் பிடிக்காது." அவள் பயப்படுகிற அதே விஷயத்தை நாமே ஒப்புக்கொள்கிற மாதிரி.

முகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பாய். இன்னும் சின்ன வயதுக்குப் போக வேண்டும். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்த சோதனையில், கைக்குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்வாள், சில நிமிடம். திட்டுவதில்லை, விலகிப் போவதுமில்லை. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், குரல் கொடுக்கும், முன்னால் சாயும். பலிக்காவிட்டால் பார்வையைத் திருப்பிக்கொண்டு வாடிவிடும். சாதாரண விளையாட்டிலும் அம்மாவும் பிள்ளையும் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை என்பதையும் அதே ட்ரோனிக்தான் கவனித்தார்; தவறுவதும் சேர்ந்துகொள்வதுமாகவே போகிறதாம். எந்நேரமும் இளித்த முகமாக இருக்க யாராலும் ஆகாது என்பதால் எனக்கு இதில் ஆறுதல். சண்டை போடாத வீடு தேவையில்லை, பழம் விடத் தெரிந்த வீடு போதும். ஆனால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பாலூட்டுவது கிட்டத்தட்ட அந்தச் சலனமில்லாத முகம்தான் என்பது என் கருத்து. வீட்டில் சொல்லிப் பார், சண்டைக்கு வருவார்கள்.

தொடுகைக்கும் கணக்கு உண்டு. மெதுவான வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில்தான் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். 9 மாதக் குழந்தைகளின் கையை 3 சென்டிமீட்டர் வேகத்தில் வருடியபோது இதயத்துடிப்பு தணிந்தது. அதைவிடப் பத்து மடங்கு வேகத்திலும் தணியவில்லை, பத்து மடங்கு மெதுவிலும் தணியவில்லை. அதாவது, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வர மூன்று நாலு நொடி. அவசரத்தில் முதுகில் தட்டுகிற தட்டல் வேறு சங்கதி.

உனக்குப் பிடிக்கும் என்று ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்கு யார் நெருக்கம் என்பதைக் குழந்தை எதை வைத்து முடிவு செய்கிறது, தெரியுமா? எச்சில்! ஆஷ்லி தாமஸ் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பெண் பொம்மையோடு ஒரே ஆரஞ்சுச் சுளையை மாறி மாறிக் கடிக்கிறாள். இன்னொருத்தி அதே பொம்மையோடு பந்து விளையாடுகிறாள். பிறகு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பொம்மை அழுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகள், ஒரு வயது நிரம்பாதவர்கள்கூட, எச்சில் பகிர்ந்தவளைத்தான் முதலில் பார்க்கிறார்கள்: ஓடி வர வேண்டியவள் இவள்தானே என்கிற மாதிரி. விளையாட எவரும் வரலாம், எச்சில் பண்ணி ஊட்டுகிறவள் வேறு. நாம் எச்சில் என்று முகம் சுளிப்பதை அவர்கள் உறவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்காகச் சளி, இருமல் இருக்கும்போது ஒரே ஸ்பூனைப் புழங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும் ரகளையைப் பற்றியும் கேட்டிருந்தாய். சொல்லாமல் நழுவுவதை நிறுத்தச் சொல். அன்றைக்கு மட்டும் அழுகை இராது. மறுநாளிலிருந்து அம்மா குளிக்கப் போனாலும் கதவைக் காவல் காப்பாள். தினமும் ஒரே சொல்லில் விடைபெற்று, அரை நிமிடத்தில் வாசலைத் தாண்ட வேண்டும். அழுகை கேட்டுத் திரும்பி வந்தால், இன்னும் உரக்க அழுதால் அம்மா திரும்புவாள் என்று பதிந்துவிடும். "அஞ்சு மணிக்கு வருவேன்" என்பது அந்த வயதுக்கு வெறும் சத்தம். "நீ தூங்கி எழுந்து, சாப்பிட்டு, விளையாடிட்டு இருப்பே, அப்போ வருவேன்" என்றால் அவள் நாளோடு சேர்த்து எண்ணிக்கொள்வாள். தாமதமானால் போனில் சொல்லிவிட வேண்டும்.

தம்பி பிறந்த பின் வரும் பொறாமைக்கு "ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான்" என்ற பதில் உதவாது. சமம் என்ற சொல்லை அவள் அளந்து பார்ப்பாள், மடியில் யார் எவ்வளவு நேரம் என்று. தினம் பத்து நிமிடம் அவளுக்கே அவளுக்கு என்று வைக்கலாம். விளையாட்டை அவள்தான் நடத்துவாள். அம்மா கேள்வி கேட்கவோ திருத்தவோ கூடாது. குறும்பு செய்தாள் என்று அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் பிடுங்கிவிடக் கூடாது. பிடுங்கினால் அதுவும் கூலியாகிவிடும்.

சின்னவன் உன் வாயில் பாதி கடித்த பிஸ்கட்டைத் திணிப்பதாக எழுதியிருந்தாயே, அவனுக்கு இன்னும் ஒன்றரை வயது ஆகவில்லைதானே? 1997இல் ரெப்பகோலி, கோப்னிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனையில், எதிரே இருந்தவள் தனக்கு ப்ராக்கோலிதான் பிடிக்கும் என்று முகத்தால் காட்டியும், 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள். 18 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் ப்ராக்கோலியை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டுமே பிரியம்தான். ஆகவே உன் வாய்க்கு வருவது அவனிடம் இருப்பதிலேயே உசத்தியானது. வாங்கிக்கொள், துப்புவதாக இருந்தால் அவன் பார்க்காதபோது.

பேத்தி மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டால், உன் மகளை இருட்டிலேயே "பிடிக்கும், தூங்கு" என்று சொல்ல விடாதே. விளக்கைப் போட்டு, முகத்தைக் காட்டிச் சொல்லட்டும்.

அன்புடன்,
கமலா