பழைய காசு வீடியோ போடும் சேனல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"இந்த 5 ரூபாய் காயின் உங்க வீட்ல இருக்கா? 10 லட்சம் ரெடி!" என்று சிவப்பு அம்புக்குறி போட்ட தம்ப்நெயிலோடு வீடியோ போடுகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். அதையே எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றிச் செய்தியாகப் போடும் தளங்களும் சேர்த்தே படித்துக்கொள்ளலாம்.

நான் காசு சேர்க்கிறவன். உங்கள் புண்ணியத்தில் தூரத்துச் சொந்தக்காரர்கள் கூட வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்கிறார்கள். அதிகம் வருவது வைஷ்ணோ தேவி காசு. கோயில் வாரியத்தின் 25 ஆண்டு நிறைவுக்காக 2012-ல் வந்த நினைவு நாணயம் அது. 5 ரூபாயும் 10 ரூபாயும் புழக்கத்துக்கே விட்டார்கள், இன்றும் சில்லறையோடு சில்லறையாகக் கைக்கு வருகிறது. அடுத்து டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு. இதற்கெல்லாம் லட்சக் கணக்கை எங்கிருந்து பிடித்தீர்கள்? ஏதோ விற்பனைத் தளத்தில் எவரோ ஒருவர் 5 லட்சம் என்று போட்டிருப்பார், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பீர்கள். கேட்கிற விலையை யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். அந்த விலைக்கு வாங்கினது யார் என்று ஒரு வீடியோவிலாவது காட்டியிருக்கிறீர்களா?

விற்ற விலை ஒன்றும் ரகசியமில்லை. மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ் மாதிரி ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்ததும் எது எவ்வளவுக்குப் போனது என்று இணையத்திலேயே போடுகின்றன. காசின் எடை, உலோகம், எந்த ஆண்டு எங்கே அடித்தது என்பதெல்லாம் நியூமிஸ்டா தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீடியோ எடிட் பண்ணுகிற நேரத்தில் பாதி போதும் இதைப் பார்க்க.

அப்புறம், "1985 இந்திரா காந்தி காசு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். எந்த நாணயச்சாலையில் அடித்தது? ஆண்டுக்குக் கீழே சின்ன வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், பிற்காலக் காசுகளில் வட்டப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே காசு, ஆனால் இந்தக் குறியை வைத்தே ஒன்று அரிதாகவும் இன்னொன்று சாதாரணமாகவும் ஆகிவிடும். போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில் 1939 உண்மையிலேயே அரிதுதான், அதனால்தான் 1938 காசின் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்கிறார்கள். ஒரு பக்கம் ராமர் தர்பார், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818 என்று ஒன்றைக் காட்டிக் கோடி என்கிறீர்களே, அப்படி ஒரு காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. பிற்காலத்தில் யாரோ காசு மாதிரி அடித்துவிட்ட உலோக வில்லை அது.

"பளபளன்னு இருந்தா நல்ல ரேட்" என்று வேறு சொல்லித் தொலைக்கிறீர்கள். அதைக் கேட்டுப் பாட்டி பெட்டியில் இருந்த விக்டோரியா ராணி ரூபாயைப் புளி போட்டு, சாம்பல் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டுப் படம் அனுப்பினார் ஒருவர். கறுப்பு போய்விட்டது, ராணியின் தலைமுடிக் கோடுகளும் போய்விட்டன. தேய்த்த காசைக் கண்டாலே சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

இதெல்லாம் கூடப் போகட்டும். எங்கள் தெருவில் ஒரு அக்கா, ஒரு வீடியோவின் விளக்கப் பெட்டியில் இருந்த 'பையர்' (காசை வாங்குபவர்) எண்ணுக்குப் படம் அனுப்பினார். உடனே விலை பேசி முடித்துவிட்டார்கள். முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் ரிசர்வ் வங்கி லோகோ போட்ட ஒரு சான்றிதழ், அதற்குத் தனிப் பணம். லோகோவைப் பார்த்துத்தான் அக்கா நம்பினார். ரிசர்வ் வங்கியோ, பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் தான் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் கேட்க யாருக்கும் அனுமதியும் கொடுக்கவில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. அதை ஏன் ஒருவரும் வீடியோ ஆக்கவில்லை? வியூஸ் வராதுதான், சரி.

"துபாய் பார்ட்டி கேட்கிறார்" என்பவர்களுக்கு மட்டும் ஒன்று: 100 ஆண்டு தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மாட்டினால் மாட்டப்போவது உங்கள் சப்ஸ்கிரைபர்.

பழைய வீடியோக்களை அழிக்கச் சொன்னால் அழிக்க மாட்டீர்கள், தெரியும். இனிமேல் போடுவதில் விலை சொன்னால் எந்த ஏலத்தில், எந்தத் தேதியில், எந்தக் கண்டிஷனில் விற்றது என்று பக்கத்திலேயே காட்டுங்கள். அந்தப் 'பையர்' எண்களை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், பழைய வீடியோக்களில் இருந்தும்.